ஒரு வாய்ச்சொல் கேட்ட பாண்டியர்கள்

தோழா!

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். குடிமக்களைக் கசக்கிப் பிழிந்தவன் என்றோ, கொலைக்குக் கூசாதவன் என்றோ இளங்கோவடிகள் அவனைத் தீட்டவில்லை. பிழை உணர்ந்த நொடியிலேயே உயிர் துறந்த மானமுள்ள மன்னன் அவன். ஆயினும் மதுரை எரிந்தது. ஏன் எரிந்தது? ஒரே ஒரு பொற்கொல்லனின் சொல் அவன் செவியில் விழுந்தது. அதை மறுத்துரைக்க இன்னொரு வாய் அந்த அரண்மனையில் இல்லை. கேட்டதை நம்பினான், கோவலன் வெட்டுண்டான்.

காப்பியக் கதைதானே என்று கடந்து செல்லாதே! அரியணையில் அமர்ந்தோர் ஒரே வாயின் சொல்லைக் கேட்டு ஏமாந்த கதை நம் காலத்திலும் நடந்தது. இடம், டில்லி. ஆண்டு, 1975.

ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் பரிந்துரைத்தார். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். எதிர்க்கட்சித் தலைவர்களைக் கைது செய்யக் காவலர் புறப்பட்டனர். அதே இரவில் வேறொரு கைதும் நடந்தது. நாளேடுகள் பல அச்சாகும் பகதூர் ஷா ஜாபர் சாலையில் மின்சாரம் நின்றது. சுழன்றுகொண்டிருந்த எந்திரங்கள் ஓய்ந்தன. எழுதுகோலைப் பறிப்பானேன், எந்திரத்தை நிறுத்தினால் போதாதா! எத்தனை எளிய உபாயம், பார்த்தாயா?

அடுத்து வந்தது தணிக்கை. ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஏடு, தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுத்தே இல்லாத தலையங்கம்! ஆயினும் அதன் பொருள் விளங்காதவர் எவருமில்லை. அதே நாளில் பம்பாய் 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் ஒரு மரண அறிவிப்பு. மாண்டவரின் பெயரைக் கூட்டிப் படித்தால் ஜனநாயகம். உற்றார் உறவினரின் பெயர்களைக் கூட்டிப் படித்தால் உண்மை, சுதந்திரம், நீதி! பின்னர், ஏட்டில் வெற்றிடம் விடுவதும் குற்றம் என்றாயிற்று. பேசாதே என்பது மட்டுமல்ல, உன்னைப் பேசவிடவில்லை என்பதை ஊருக்குக் காட்டாதே என்பதும் ஆணை!

1976 பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி எனும் நான்கு செய்தி நிறுவனங்களையும் இணைத்து, 'சமாச்சார்' என்ற ஒரே நிறுவனமாக்கினர். நான்கு வாய்கள் ஒரு வாயாயின. அரண்மனைக்குப் பொற்கொல்லன் வந்துவிட்டான்!

இன்னொரு காட்சியும் சொல்வேன். மேடை நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சியை நான் கற்பனையாக எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறாய் என்று இடித்துரைத்திருப்பாய். பாராளுமன்றத்தில் பேசப்படுவதை ஏடுகள் அச்சமின்றி வெளியிடப் பாதுகாப்பு வேண்டுமென்று, தனி உறுப்பினராக மசோதா கொண்டுவந்து 1956இல் சட்டமாக்கியவர் பெரோஸ் காந்தி. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா நிறுவனங்களுக்குப் பாய்ந்ததை 1957இல் அவையில் எழுப்பியவரும் அவரே. நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆண்டவர் மாமனார் நேரு; கேள்வி கேட்டவர் மருமகன்! அந்தச் சட்டத்தை நெருக்கடி நாட்களில் நீக்கியது யாருடைய அரசு? பெரோஸ் காந்தியின் துணைவியாருடைய அரசு! 1977இல் ஆட்சி மாறிய பிறகே அச்சட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

சரி, ஊரின் வாயை அடைத்தாயிற்று. கண்ட பயன் என்ன?

வடபுலத்துச் சிற்றூர்களில் கருத்தடை அறுவைக்கு ஆள் பிடித்தனர். 1976-77 ஆம் ஓராண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த அறுவை நடந்தது. 1976 ஏப்ரலில் டில்லி துருக்மான் வாயிலில் வீடுகள் இடிபட்டன. தடுத்து நின்றோர் மீது குண்டு பாய்ந்தது. ஏடுகள் அதனை எழுத முடியவில்லை. ஏட்டில் இல்லையென்றால் நாட்டில் நடக்கவில்லை என்றாகிவிடுமா? சேதி கால்நடையாகவே நடந்தது. கிணற்றடியில் பேசப்பட்டது, சந்தையில் பேசப்பட்டது, அடுப்பங்கரையில் பேசப்பட்டது. அரண்மனைக்கு மட்டும் அது எட்டவில்லை.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை; பீகாரின் 54 தொகுதிகளிலும் ஓரிடம் இல்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார். 1971இல் 352 இடங்களை வென்ற கட்சி 154ல் நின்றது. தணிக்கை என்ற துணியால் மக்களின் கண்ணைக் கட்ட நினைத்தனர். கட்டுண்டதோ ஆண்டவரின் கண்!

தோல்வி ஒரு கட்சிக்குத்தானே என்பாய். ஆட்சியாளர் மட்டுமா அழிந்தனர்? உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் உயிர்கள் மாய்ந்ததையும் கேள்.

1943இல் வங்கத்தில் பஞ்சம். போர்க்காலக் கட்டுப்பாடு ஏடுகளின் கழுத்தை இறுக்கியிருந்தது. கல்கத்தாவின் நடைபாதைகளில் பிணங்கள் கிடந்தன. அரசோ பஞ்சமென்று அறிவிக்கவே மறுத்தது. வெள்ளையர் நடத்திய 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், ஆகஸ்டு 22 அன்று, தெருவில் மடிந்தோரின் புகைப்படங்களை வெளியிட்டார். அதன்பின் உலகம் திரும்பிப் பார்த்தது. துயர்துடைப்புப் பணி விரைந்தது. அதற்குள் போன உயிர்கள்? விசாரணைக் குழு 15 லட்சம் என்றது. பின்னர் ஆராய்ந்தோர் 30 லட்சம் வரை கணக்கிட்டனர். அந்தக் கொடுமையைச் சிறுவனாகக் கண்ட அமர்த்தியா சென், பொருளியல் அறிஞராக வளர்ந்து சொன்ன முடிவு இது: தேர்தலும் சுதந்திரமான ஏடுகளும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை. 1958 முதல் 1961 வரை சீனத்தில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாண்டபோது, விளைச்சல் பெருகியதென்ற பொய்க் கணக்கைத் தலைமையே நம்பியிருந்தது. மறுத்தெழுத ஓர் ஏடும் அங்கில்லை.

"ஏடுகள் யாவும் யோக்கியமானவையா?" என்று நீ கேட்பது என் செவியில் விழுகிறது. நியாயமான கேள்வி! முதலாளியின் பணப்பெட்டியும் விளம்பரதாரரின் கடைக்கண்ணும் பேனாவை வளைப்பதுண்டு. 2009 பொதுத் தேர்தலில் காசுக்குச் செய்தி விற்ற கொடுமையைப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு ஆராய்ந்தது. அந்த அறிக்கை முழுமையாக உடனே வெளிவந்ததா? இல்லை. தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு, 2011இல்தான் வெளிவந்தது. ஏடுகளைப் பற்றிய உண்மையே ஏட்டில் வர இத்தனை தடை! ஆயினும் பொய் எழுதும் ஏட்டுக்கு மருந்து, மெய் எழுதும் இன்னோர் ஏடு. இரண்டையும் கொளுத்திவிட்டால் எஞ்சுவது எது? பொற்கொல்லனின் குரல் ஒன்றே!

இன்னொன்றும் எண்ணிப்பார். குடியாட்சியில் மன்னன் யார்? நீயும் நானும்! அப்படியாயின் பாண்டியன் செய்த பிழை நமக்கும் நேரலாம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயில் தேடிச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் உலவுவதாகக் கைபேசிகளில் வதந்தி பரவியிருந்த நேரம் அது. கூட்டம் சேர்ந்தது, அடித்தே கொன்றது. சிற்றரசனும் இல்லை, பேரரசனும் இல்லை; வந்த சேதியை வினவாமல் நம்பிய சாமானியரே அங்கே தீர்ப்பளித்தனர். சிலம்பைக் காட்டி வழக்குரைக்கும் வாய்ப்பும் அந்தத் தாய்க்கு இல்லை.

ஆகவே உன்னிடம் வேண்டுவன மூன்று. நம் படிப்பகங்களில் நம் ஏட்டின் பக்கத்திலேயே மாற்றார் ஏடும் கிடக்கட்டும். நம்மை ஏசுவதாயினும் கிடக்கட்டும். அதில் பொய் இருந்தால் சான்றோடு மறுக்கக் கற்போம்; மெய் இருந்தால் நம்மைத் திருத்திக்கொள்வோம். அடுத்து, கைபேசியில் வரும் சேதியை, அது நம் கட்சிக்கு இனிப்பதாயினும், எவர் சொன்னது, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று மூன்று கேள்வி கேட்காமல் பிறர்க்கு அனுப்பாதே. மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: நமக்கு வேண்டியவர் ஆளும்போது, குறை எழுதிய ஏட்டின் மீது வழக்குப் போடு, விளம்பரத்தை நிறுத்து என்று கூவும் குரல் நம் அணியிலிருந்து எழுந்தால், முதலில் எழுந்து தடுப்பவன் நீயாக இரு. இடித்துரைப்போர் அரசனுக்குத் தேவை என்று வள்ளுவர் வகுத்த நெறியை மேடைதோறும் முழங்கும் நாம், அதை நம் வீட்டு வாசலில் மறந்துவிடலாமா?

ஆராயாமல் தீர்ப்பளித்த பாண்டியனுக்கு உண்மை தெரிந்தது, சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த பிறகு. அதற்குள் கோவலன் இல்லை. தோழா, தீர்ப்புக்கு முன்னே சிலம்பைப் பார்!