பாஸ் இருக்கு, இடம் இல்லை!

'ஒரு தடவை பணத்தைக் கட்டிட்டா வருஷம் பூரா கவலை இல்லை' என்று யாராவது சொன்னால், அதை இனி நான் லேசில் நம்பமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2022 அக்டோபரில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். ஆறு மாதம். மாப்பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வீடு. படித்த பெண்தான். ஆனால் கணவன் விசாவில் போனவள் என்பதால் அங்கே அவள் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பேத்திக்கு அப்போது நாலு வயது. மூன்று பேருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ஆண்டு பாஸ் வாங்கி வைத்திருந்தார்கள். மாதத் தவணை, மூன்று பாஸுக்கும் சேர்த்து 100 டாலருக்கு மேல். நம் பணத்தில் 8,000 ரூபாய்க்குக் குறையாது. கேட்டதும் எனக்குப் பக்கென்றது.

"என்னடி இது, ராட்டினம் சுத்த மாசம் எட்டாயிரமா?" என்றேன்.

"அம்மா, நீ கோயில் பிராகாரத்தைச் சுத்தற மாதிரிதான் எனக்கு இது. நாலு மனுஷாளைப் பார்க்கணும் இல்ல?" என்றாள்.

போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த ஊரில் தெருவில் மனித நடமாட்டமே இல்லை. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஆறு மாதமும் எனக்குத் தெரியாது. காலையில் கார் போகும், மாலையில் கார் வரும், அவ்வளவுதான். பள்ளி விட்டதும் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போய், இரண்டு ராட்டினம் ஏறி, ஊர்வலம் பார்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தோசையைச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் பாஸ் வாங்கியிருக்கிறாள். முதல் வருஷம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாளாம். பிறகு கொரோனா வந்தது, பூங்காவை மூடினார்கள். திறந்தபோது, 'பாஸ் இருந்தாலும் எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று முன்பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும்' என்றார்கள். கூட்டம் சேரக் கூடாத காலம், சரி, நியாயம்தான். நோய் தணிந்தது, முகக் கவசம் போனது, முன்பதிவு மட்டும் போகவில்லை.

இப்போது எங்களுக்கு நடந்த கதை. பிப்ரவரியில் பேத்தியின் பிறந்த நாள். அம்மாச்சியும் கூட இருக்கிறாள், பூங்காவில் கொண்டாடலாம் என்று முடிவு. எனக்குப் பாஸ் இல்லை, ஒரு நாள் டிக்கெட் வாங்க வேண்டும். மகள் போனில் தட்டித் தட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அம்மா, உனக்கு இடம் இருக்கு. எங்களுக்குத்தான் இல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே பூங்கா, ஒரே தேதி, ஒரே வாசல். இன்றைக்கு முதல் முதலாகப் பணம் கொடுக்கும் எனக்கு இடம் இருக்கிறது. மாதா மாதம் கட்டிக்கொண்டிருப்பவளுக்கு இல்லையா? மாப்பிள்ளைதான் விளக்கினார். "அத்தை, ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு வெச்சுக்கறாங்க. அதுல டிக்கெட்காரங்களுக்கு ஒரு பங்கு, பாஸ்காரங்களுக்கு ஒரு பங்கு. நம்ம பங்கு தீர்ந்துபோச்சு." சரி, எங்கள் பங்கு எவ்வளவு? அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் வைத்ததுதான் பங்கு.

தேதியை மாற்றலாம் என்றால் குழந்தை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது. கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? பாஸ் வைத்திருக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் தனியாக ஒரு நாள் டிக்கெட் வாங்கினோம். மூன்று பேருக்கும் அப்படி வாங்கக் கட்டுப்படியாகாது. மாப்பிள்ளைக்கு அன்று லீவும் கிடைக்கவில்லை. ஆக, நானும் குழந்தையும் உள்ளே, பெற்றவள் வெளியே!

'ஓகே', 'தேங்க்யூ' தவிர வேறு இங்கிலீஷ் பேச எனக்குக் கூச்சம். சேலையும் ஷூவுமாக, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன். மகள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கையை விடாதேம்மா, எங்கே இருந்தாலும் போன் பண்ணு" என்று நாலு தடவை சொன்னாள். உள்ளே அவ்வளவு கூட்டம்கூட இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். குடை ராட்டினத்தில் பாதிக் குதிரைகள் காலி. வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாத ராட்டினங்களைப் பார்க்கும்போதெல்லாம், 'இங்கே எங்கே ஐயா இடம் இல்லை?' என்று கத்த வேண்டும் போல் இருந்தது. எந்தப் பாஷையில் கத்துவது?

குழந்தை முதலில் குதித்தது. ஒரு மணி நேரம் கழித்து, "அம்மா எப்ப வருவா?" என்று ஆரம்பித்தது. மத்தியானம் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தோம். காரின் பின் கதவைத் திறந்து வைத்து, வாகன நிறுத்தத்திலேயே பிறந்த நாள் விருந்து. நான் விடியற்காலையில் எழுந்து கிளறிய கேசரி, புளியோதரை, அப்பளம். இன்னொரு வேடிக்கை, பாஸ்காரர்களுக்கு வாகன நிறுத்தம் இலவசம்! காரை நிறுத்த இடம் உண்டு, அதை ஓட்டி வந்தவளுக்கு உள்ளே இடம் இல்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம் என்றால், குழந்தை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டது. இரண்டு டிக்கெட்டும் அதோடு போயிற்று.

எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாருக்கும் தெரிந்த டிஸ்னிலாந்திலேயே இது கோர்ட் வரை போயிருக்கிறது. 1955 ஜூலை 17ல் கலிபோர்னியாவில் திறந்த பூங்கா அது. அங்கே இருந்த பழைய ஆண்டு பாஸ் திட்டத்தை 2021 ஜனவரியில் நிறுத்தினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்று புதுப் பெயரில் நாலு வகைப் பாஸ் கொண்டுவந்தார்கள். 399 டாலரிலிருந்து 1,399 டாலர் வரை. எல்லாவற்றுக்கும் முன்பதிவு கட்டாயம். அதில் உச்ச விலைப் பாஸுக்கு, 'தடை செய்யப்பட்ட நாளே கிடையாது' என்று விளம்பரம். அதை நம்பி வாங்கிய ஒரு பெண்மணி நவம்பர் மாதத்துக்குப் பதிவு செய்யப் போனால் பல நாட்களுக்கு இடம் இல்லை, ஆனால் அதே நாட்களுக்கு ஒரு நாள் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது என்பது அவருடைய புகார். வழக்குப் போட்டார். 2023ல் நிறுவனம் 95 லட்சம் டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. பாஸ் வாங்கியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், ஆளுக்குச் சுமார் 67 டாலர் வந்தது. 1,399 கொடுத்தவருக்கு 67! இருந்தாலும், ஒரு பெண் தனியாக நின்று கேட்டாரே, அதற்கு ஒரு சபாஷ்.

அந்த டிஸ்னிலாந்து விதியில் என்னை உறுத்தியது இன்னொன்றும் உண்டு. பதிவு செய்துவிட்டு வராமல் போனால் அது ஒரு குற்றக் கணக்கு. முந்தின நாள் ராத்திரிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். 90 நாளில் மூன்று தடவை வராமல் போனால், 30 நாளைக்குப் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. இதை எழுதியவர் வீட்டில் சின்னக் குழந்தையை வளர்த்தவராக இருக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன். குழந்தைக்கு ஜுரம் முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிட்டா வருகிறது? விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும். அந்த நேரத்தில் நெற்றியில் பத்துப் போடுவதா, பூங்காவுக்குச் சொல்லி அனுப்புவதா? வீட்டுக்காரரின் மீட்டிங், திடீர் விருந்தாளி, நம் உடம்பு சுகக்கேடு, இதெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்பே தேதி குறித்துக்கொண்டு வருமா? ஒரு குடும்பப் பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு, கிடைத்தபோது எடுத்துக்கொள்ளும் ஓய்வு. 'இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுபோச்சு, வா போயிட்டு வரலாம்' என்று கிளம்புவதுதானே பாஸின் லாபமே? தேதி பார்த்துத்தான் போக வேண்டும் என்றால் டிக்கெட்டே வாங்கிக்கொள்ளலாமே!

என் கணவர் (மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று வயலைக் காரணம் சொல்லிக் கும்பகோணத்திலேயே இருந்துகொண்டவர்) போனில் இதைக் கேட்டுவிட்டு, "ரயில் சீசன் டிக்கெட் மாதிரின்னு நெனைச்சிருப்பா உன் பொண்ணு" என்றார். முப்பது வருஷம் சீசன் டிக்கெட்டில் தஞ்சாவூர் போய் வந்த மனிதர். ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக் கூடாது என்பது சீசன்காரருக்கும் உள்ள கட்டுப்பாடுதான். உட்கார இடம் கிடைக்காது, கதவோரம் நிற்க வேண்டியிருக்கும். ஆனால், 'இன்றைக்கு சீசன்காரர்கள் பங்கு முடிந்துவிட்டது, பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள்' என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சொன்னதில்லை.

பூங்காக்காரர்கள் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். கூட்டம் தாங்காமல் போனால் யாருக்கும் சுகமில்லை, உண்மைதான். பாஸ்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து குவிந்தால் என்ன செய்வார்கள், அதுவும் சரி. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. பாஸ்காரி அடிக்கடி வருவாள், செலவு செய்யமாட்டாள். கட்டுச்சோறு கொண்டுவருவாள், பொம்மைக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டாள். எங்கிருந்தோ ஒரே ஒரு நாள் வருகிறவர்தான் தொப்பி, பொம்மை, சாப்பாடு என்று அள்ளிக் கொடுப்பார். 2022 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனம் தன் கணக்கு அறிக்கையிலேயே, டிஸ்னிலாந்துக்கு வருகிறவர்களின் கலவை சாதகமாக இல்லை என்கிற பொருளில் எழுதியிருந்தது. பாஸ்காரர்கள் அதைத் தங்களைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு கொதித்தார்கள். கொதிக்காமல்? வருஷப் பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்ட பிறகு, 'நீ வந்தால் நஷ்டம்' என்பது என்ன நியாயம்?

நம் வீட்டுக் கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு வீட்டு மனுஷர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவது வழக்கம்தான். யாரும் முணுமுணுப்பதில்லை. ஆனால் வீட்டு மனுஷர்களிடம் யாரும் இலைக்கு முன்பணம் வசூல் செய்வதில்லை.

புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்கள். 2023 ஏப்ரல் 18 முதல் பிற்பகல் 2 மணிக்கு மேல் பாஸ்காரர்கள் முன்பதிவு இல்லாமல் வரலாம், மேஜிக் கிங்டம் பூங்காவுக்குச் சனி, ஞாயிறு தவிர என்றார்கள். 2024 ஜனவரி 9 முதல் தேதியிட்ட டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு முன்பதிவே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். பாஸ்காரர்களுக்கோ, குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் முன்பதிவு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அங்கேயும் பாருங்கள், கதவு முதலில் முழுசாகத் திறந்தது ஒரு நாள் விருந்தாளிக்குத்தான்.

என்னைக் கேட்டால், பாஸ் விற்கும்போதே பாஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை இடம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தக்க அளவுக்குத்தான் பாஸ் விற்க வேண்டும். பத்து இலை போடும் இடத்துக்கு நூறு பேரிடம் மொய் வாங்கக் கூடாது. ஒரு தேதிக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும் வரைக்கும், பாஸ் வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று காலையில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பெரிய ஆசையா?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போகும் சமயத்தில், 'அம்மா வர்றாங்க, எல்லாரும் பாஸ் எடுத்துடலாம்' என்று பிள்ளைகள் கிளம்பினால், முன்பதிவு உண்டா, தவணையை நடுவில் நிறுத்த முடியுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். என் மகளால் நிறுத்த முடியவில்லை. வருஷம் முடிகிறவரை கட்டித் தீர்த்துவிட்டுத்தான் விட்டாள். இப்போது குழந்தையை நூலகத்துக்கும் பக்கத்துப் புல்வெளிக்கும் அழைத்துப் போகிறாள். அங்கே இன்னொரு தமிழ்ப் பெண் அறிமுகமாகியிருக்கிறாளாம், திருநெல்வேலிப் பக்கம்.

போன வாரம் வீடியோவில் பேத்தி கேட்டாள், "அம்மாச்சி, மறுபடி எப்ப வருவீங்க?" வயல் அறுப்பு முடியட்டும், பார்க்கலாம் என்றேன். "தேதி சொல்லுங்க, அப்பதான் புக் பண்ண முடியும்" என்றது குட்டி!

- ஒரு வாசகி, கும்பகோணம்.