ஈயம் எடுத்த மாதிரியும் இருக்கணும், எடுக்காத மாதிரியும் இருக்கணும்

"சலுகை" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இடஒதுக்கீடு சலுகை, ஸ்காலர்ஷிப் சலுகை, விடுதி சலுகை. தலைமுறை தலைமுறையாகப் பறித்ததில் ஒரு பிடியைத் திருப்பித் தரும்போதும் கொடுப்பவர் வள்ளலாகிவிடுகிறார், வாங்குபவர் நன்றிக்கடன் பட்டவராகிவிடுகிறார். இந்தச் சொல் வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை. அமெரிக்காவில் பழைய வீடுகளில் இருக்கும் ஈயப் பெயிண்டை அகற்றத் தரும் பொதுப் பணத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் "நிதியுதவி". யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்போம், தோழர்களே.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். இங்கே ஈயம் என்று நான் சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். காரீயச் சேர்மங்களைக் கலந்தால் பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் காயும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் வீடு பழசாகும்போது அது உரியும். ஜன்னலை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் உரசி, கண்ணுக்குத் தெரியாத தூசியாகத் தரையில் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பிலும் மூளையிலும் சேர்த்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதாவது ஏழைக் குழந்தையை இந்த நஞ்சு இரண்டு மடங்கு தேடி வருகிறது. படிப்பு, கவனம், கோபத்தை அடக்கும் திறன் எல்லாவற்றையும் அது தின்கிறது. தின்றதைத் திருப்பி வாங்க மருந்து இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இது தெரியாமல் நடந்த பிழையா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈய நோய்க்கு வீட்டுப் பெயிண்டே காரணம் என்று 1904ல் எழுதினார். வீட்டுக்குள் வெள்ளை ஈயம் அடிப்பதைத் தடுக்க 1921ல் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் ஒப்பந்தமே வந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனம் 1900லேயே வெள்ளை ஈயம் கொடிய நஞ்சு என்று தன் சொந்த இதழில் எழுதியிருந்தது. பின்னாளில் அது நீதிமன்றத்தில் சாட்சியமானது. நேஷனல் லெட் நிறுவனமோ "டச்சு பாய்" என்ற சிறுவன் படத்தை வைத்து, குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகம் அச்சிட்டு விற்பனையைப் பெருக்கியது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு அமெரிக்கா தடை போட்டது 1978ல். கிப்சன் எழுதி 74 வருடம் கழித்து.

அந்த வருடங்களில் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. குழந்தைகள் சாகும் செய்தி வந்தபோதெல்லாம் ஈயத் தொழில் சங்கம் ஒரே பதிலைச் சொன்னது: தவறு பெயிண்டில் இல்லை, சேரிகளில் இருக்கிறது. 1950களில் அச்சங்கத்தின் அதிகாரி எழுதிய கடிதங்களில், பாதிக்கப்படுவது பெரும்பாலும் கறுப்பின, போர்ட்டோ ரிக்கக் குடும்பங்கள், அந்தப் பெற்றோருக்கு எப்படிப் புரியவைப்பது என்ற சலிப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது. நமக்கு இது புதிதா? "இவங்களுக்குச் சுத்தமா இருக்கத் தெரியாது" என்ற வாக்கியத்தை எத்தனை பள்ளிக்கூட வாசலில், எத்தனை ஆஸ்பத்திரி வரிசையில் நம் அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள்! நஞ்சை விற்றவன் கைகழுவிக்கொள்ள, அதன் நடுவே வாழ வைக்கப்பட்டவர்கள் குற்றவாளி ஆகிறார்கள்.

அந்த வீடுகளுக்குள் அவர்களை வைத்தது யார்? 1930களில் அரசு அமைப்பொன்று நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, "கடன் கொடுத்தால் ஆபத்து" என்று தரம் பிரித்தது. வங்கிக்கடன் இல்லை, பழுதுபார்ப்பு இல்லை, வேறு தெருவில் வீடு வாங்கவும் வழியில்லை. ஊர், சேரி என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பெயிண்ட் உரிந்தது அந்தச் சுவர்களில்தான்.

இப்போது "உதவி"க்கு வருவோம். 1992ல் வந்த சட்டத்தின் கீழ், கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் மானியம் தருகிறது. 1978க்கு முந்தைய வீடு, குறைந்த வருமானம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை என்பவை முக்கிய நிபந்தனைகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். நஞ்சு குடித்தனக்காரரின் குழந்தைக்கு, பேனா வீட்டுக்காரரின் கையில். அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அதிகம் கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். நம் ஊரில் வீடு கட்டும் திட்டத்துக்குப் படிவம் நிரப்பும்போது "பட்டா இருக்கா?" என்ற கேள்வியில் புறம்போக்கில் வாழும் குடும்பம் எப்படி வெளியே நிற்கிறதோ, அதே கதை. ஒரு திட்டம் யாரை உண்மையில் மனிதராக மதிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் கட்டம் யாருக்கு என்று பாருங்கள்.

அதே சட்டம், வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் ஈயம் இருப்பது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்கிறது. சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது" என்ற கட்டத்தில் டிக் அடித்தால் கடமை முடிந்தது. இப்படிச் சட்டம் எழுதினால் எந்த வீட்டுக்காரர் சோதிப்பார்? தெரியாமல் இருப்பதுதானே லாபம்! கடைசியில் சோதனைக் கருவியாக ஆவது குழந்தையின் ரத்தம். பல ஊர்களில் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறிய பிறகுதான் அதிகாரி கதவைத் தட்டுகிறார்.

கணக்கையும் பார்ப்போம். அந்தத் துறையின் சொந்த ஆய்வின்படி 3.46 கோடி வீடுகளில் ஈயப் பெயிண்ட் இருக்கிறது, 2.23 கோடி வீடுகளில் அது ஆபத்தான நிலையில் இருக்கிறது. மானியத்துக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பத்தாயிரம் டாலர் என்றால் ஆண்டுக்கு 40,000 வீடு. எல்லா வீட்டையும் முடிக்க 550 வருடத்துக்கு மேல் ஆகும். ஈயத் தண்ணீர்க் குழாய்களை மாற்ற 2021ல் 1,500 கோடி டாலர் ஒதுக்க முடிந்த நாடு அது. பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்ம ஊர்ப் பழமொழி ஒன்று இதற்கென்றே செய்தது போல இருக்கிறது: ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும். இவர்களுக்கு ஈயம் எடுத்த மாதிரியும் இருக்கணும், எடுக்காத மாதிரியும் இருக்கணும்.

அரைகுறை உதவி எதுவரை போகும் என்பதற்கு பால்டிமோர் நகரம் சாட்சி. 1990களில் அங்கே கென்னடி கிரீகர் ஆய்வு நிறுவனம், எவ்வளவு குறைந்த செலவில் ஈயத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆராய்ந்தது. சில வீடுகளில் 1,650 டாலர், சிலவற்றில் 3,500, சிலவற்றில் 6,000க்கு மேல் என்று செலவு. வீட்டுக்காரர்கள் மானியமும் கடனும் பெற நிறுவனம் உதவியது. பதிலுக்கு அவர்கள் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். பிறகு அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறதா என்று அளந்து பார்த்தார்கள். 2001ல் மேரிலாந்தின் உச்ச அமர்வு இதை டஸ்கீகி பரிசோதனையோடு ஒப்பிட்டது. நச்சுக்காற்றைக் கண்டறிய சுரங்கத்துக்குள் விடப்படும் பறவைகளின் நிலை அந்தக் குழந்தைகளுக்கு என்று கண்டித்து, பெற்றோரின் வழக்குகளை விசாரிக்க வழிவிட்டது. ஆய்வாளர்கள் தரப்பு வாதம் ஒன்று உண்டு: இல்லாவிட்டால் அக்குடும்பங்கள் இதைவிட மோசமான வீட்டில்தானே இருந்திருப்பார்கள்? உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மோசமான வீட்டை மாறாத இயற்கையாக ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு படி ஏற்றியதற்கு நன்றி கேட்கிறதே, அந்த மனநிலையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அதே பால்டிமோரில் வளர்ந்தவர் பிரெடி கிரே. 2015 ஏப்ரலில் போலீஸ் காவலில் இறந்தபோது வயது 25. சிறுவயதில் வாடகை வீட்டு ஈயப் பெயிண்டால் பாதிக்கப்பட்டு, குடும்பம் வழக்குப் போட்டு, தவணையாக இழப்பீடு வந்தது. அவரும் உடன்பிறந்தவர்களும் 1,46,000 டாலர் வரவேண்டிய தவணைகளைச் சுமார் 18,300 டாலருக்கு ஒரு நிறுவனத்திடம் விற்றதாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. நஞ்சு கொடுத்த தெருவிலேயே அதற்கான இழப்பீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கும் கடையும் திறந்திருக்கிறது.

உதவிக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டியது கலிபோர்னியா. சாண்டா கிளாரா மாவட்டம் 2000ல் பெயிண்ட் நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தது, வேறு மாவட்டங்களும் நகரங்களும் சேர்ந்துகொண்டன. 2014ல் 115 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது 1951க்கு முந்தைய வீடுகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. 2018ல் நிறுவனங்கள் ஒரு மசோதாவைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவர முயன்றன: ஈயப் பெயிண்ட் பொதுத் தொல்லை இல்லை என்று சட்டம் சொல்லிவிட வேண்டும், சுத்தம் செய்ய 200 கோடி டாலரை மாநிலம் கடன் வாங்க வேண்டும், அதை வரி கட்டும் மக்கள் அடைக்க வேண்டும். எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். 2019ல் ஷெர்வின் வில்லியம்ஸ், கான்ஆக்ரா, நேஷனல் லெட்டின் வாரிசான என்.எல். இண்டஸ்ட்ரீஸ் மூன்றும் சேர்ந்து 30.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 19 வருடப் போராட்டம், முதல் தீர்ப்பில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் வந்தது. ஆனாலும் பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்பது பதிவாகிவிட்டது.

"பணம் வந்தால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. உதவி என்றால் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2025 ஏப்ரலில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் குழந்தைகள் ஈயத் தடுப்புப் பிரிவு ஊழியர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக் கட்டடங்களில் ஈயப் பெயிண்ட் உரிந்து தவித்த மில்வாக்கி நகரம் உதவி கேட்டபோது, அனுப்ப ஆள் இல்லை. பாக்கி என்றால் அப்படி நிறுத்த முடியாது. பாக்கியை வட்டியோடு கேட்கலாம், அதற்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

கைகட்டாமல் கேட்டவர்கள் உண்டு. 1969ல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்க இளைஞர்கள், சுகாதாரத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து போராடிச் சோதனைக் கருவிகளை வாங்கினார்கள். மருத்துவ மாணவர்களோடு வீடுவீடாகப் போய்க் குழந்தைகளைச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நகரம் ஈய நச்சுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்க வேண்டியதாயிற்று. அவர்கள் பிளாக் பேந்தர்களைப் பார்த்து எழுந்தவர்கள். அதே பிளாக் பேந்தர்களைப் பார்த்து 1972ல் பம்பாயில் எழுந்தவர்கள்தான் தலித் பேந்தர்கள். இந்த வரலாறு நமக்குச் சித்தப்பா வீட்டு வரலாறு.

நம் நாட்டிலும் வேலை இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016ல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது புது டப்பாவுக்கான விதி. பழைய கதவு, ஜன்னல் கிரில், இரும்புக் கட்டில் மேல் இருக்கும் எனாமல் பெயிண்டை யார் கேட்பது? அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்தத் தூசியை மூச்சில் இழுக்கும் பெயிண்டர் யார் வீட்டுப் பிள்ளை? பேட்டரி உருக்கும் பட்டறை முதல் பெயிண்ட் வரை பல வழிகளில் ஈயம் ஏறிய இந்தியக் குழந்தைகள் 27.5 கோடி என்று யுனிசெப் 2020ல் மதிப்பிட்டது.

எனவே தோழர்களே, உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதி, அரசுப் பள்ளி, அங்கன்வாடியில் இருந்து தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தீர்கள், பழையதைச் சுரண்டும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதித்தீர்களா, சுரண்டிய தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு தந்தீர்கள்? நாளை இதற்கென்று ஒரு திட்டம் வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். கையெழுத்து யாருடையது? பணம் யாருடையது? ஒரு குழந்தை பாதிக்கப்படும்வரை காத்திருக்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் சொல்லாமல் "உதவி" என்று நீட்டினால், வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கியில் கழித்துக்கொண்டு, மீதியைக் கேளுங்கள்.