கரண்ட் கட்டணக் கூட்டம் கண்துடைப்புதானா?

மின்கட்டணம் உயரப் போகிறது என்ற செய்தி வந்ததுமே கூடவே ஒரு பேச்சும் கிளம்பிவிடும்: "எல்லாம் ஏற்கெனவே முடிவானது. கருத்துக் கேட்புக் கூட்டம் சும்மா கண்துடைப்பு." 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கூட்டம் நடத்தியபோதும் இதே பேச்சுதான். மேடையேறியவர்களில் பெரும்பாலோர் உயர்வு வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் 9 அன்று ஆணை வந்தது, மறுநாளே புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி எதற்கு?

அவர்களின் கோபம் நியாயமானது. அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

மின்வாரியம் கேட்பதற்கெல்லாம் ஆணையம் முத்திரை குத்திக் கொடுத்துவிடும் என்கிறார்கள். கடல் தாண்டிக் கொஞ்சம் பார்க்கலாம். 2024 டிசம்பரில் இலங்கை மின்சார சபை, அடுத்த ஆறு மாதங்களுக்குக் கட்டணத்தில் மாற்றம் வேண்டாம் என்று முன்மொழிந்தது. அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அந்த முன்மொழிவை மக்கள் முன் வைத்தது. எழுத்து மூலமான கருத்துகளைப் பெற்றது, ஒன்பது மாகாணங்களிலும் நேரடி அமர்வுகளை நடத்தியது. 2025 ஜனவரி 17 அன்று வந்த முடிவு: ஒட்டுமொத்தமாக 20 விழுக்காடு குறைப்பு. சபை கேட்டது பூஜ்யம். அதே ஆண்டு அக்டோபரில் சபை 6.8 விழுக்காடு உயர்வு கேட்டது, ஆணைக்குழு மறுத்துவிட்டது.

குறைப்பு முழுவதும் மக்கள் வந்து பேசியதால் கிடைத்தது என்று சொன்னால் அது மிகை. 2024இல் சபைக்கு நல்ல இலாபம் இருந்தது, நீர்மின் உற்பத்தி கைகொடுத்தது, புதிய அரசும் கட்டணக் குறைப்பை வாக்குறுதியாகக் கொடுத்திருந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2025 ஜூன் மாதமே 15 விழுக்காடு உயர்வு வந்தது. செலவுக்கு ஈடான கட்டணம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியம் நெருக்கியது. ஜனவரிக் குறைப்பு அளவுக்கு மீறியது என்று இன்றைக்கும் வாதிடுபவர்கள் உண்டு, அதில் விஷயம் இல்லாமலும் இல்லை. ஆனாலும் அந்த ஜூனில் சபை கேட்டது 18.3, கிடைத்தது 15. இந்த ஓராண்டை வைத்துக்கொண்டு ஆணைக்குழுவை ரப்பர் ஸ்டாம்ப் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாதம் கொஞ்சம் நாசூக்கானது. மின்சாரப் பொருளாதாரம் நிபுணர்களின் வேலை, நூற்றுக்கணக்கான பக்க மனுவைப் படித்துப் பொதுஜனம் என்ன சொல்லிவிடப் போகிறது என்பது. இதற்குப் பதில் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அங்கே ஒழுங்குமுறை ஆணையம் 1999இல் அமைந்தது, முதல் கட்டண ஆணை 2000 மே மாதத்தில் வந்தது. அதுவரை மாநில மின்வாரியம் தன் மின் இழப்பு 17, 18 விழுக்காட்டை ஒட்டியது என்றே கணக்குக் காட்டிவந்தது. விசாரணையில் புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகள் அந்த எண்ணைத் துருவின. மீட்டர் இல்லாத பம்புசெட்டுகள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது வெறும் மதிப்பீடு; அதைக் கூட்டிச் சொன்னால் இழப்பு தானாகக் குறைந்து தெரியும். திருட்டும் கசிவும் விவசாயியின் பெயரில் எழுதப்பட்டுவிடும். கணக்கைப் பிரித்துப் போட்டபோது இழப்பு 30 விழுக்காட்டைத் தாண்டியது. அத்தனை ஆண்டுகளாக நிபுணர்கள் வாரியத்துக்கு உள்ளேதான் இருந்தார்கள். எண் வெளியே வந்தது விசாரணையில்தான்.

தமிழ்நாட்டிலும் இதே முடிச்சு உண்டு. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. பயிருக்குப் போனது எவ்வளவு, வழியில் தொலைந்தது எவ்வளவு என்று கேட்க நிபுணத்துவம் வேண்டியதில்லை, பிடிவாதம் போதும்.

விசாரணையே இல்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் மகாராஷ்டிரமே உதாரணம். ரத்னகிரி மாவட்டம் தாபோலில் மின்நிலையம் கட்ட வந்த என்ரானுடன் 1992 ஜூனில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. குழு வந்திறங்கிய சில நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போட்டி ஏலம் இல்லை. மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. உலக வங்கி 1993இல் கடன் தர மறுத்த பிறகும் திட்டம் ஓடியது. 1999இல் முதல் கட்டம் உற்பத்தியைத் தொடங்கியது. விலை தாங்காமல் 2001 மேயில் வாரியமே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நிலையம் மூடப்பட்டது. கூட்டம் போட்டால் நேரம் வீணாகும் என்பவர்கள் இந்த ஒன்பது ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

"மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் கட்டணமே உயராது, வாரியம் கடனில் மூழ்கும்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது. 2022இல் மனு தாக்கலானபோது தமிழ்நாட்டு மின்பகிர்மானக் கழகத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது உண்மை. ஆனால் அதை ஏற்றிவிட்டவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களா? ஆணையத்தின் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது, அடுத்தது 2010 ஜூலையில். இடைப்பட்ட ஏழாண்டுகளில் எந்தக் கூட்டமும் உயர்வைத் தடுக்கவில்லை, ஏனென்றால் கூட்டமே இல்லை. தேர்தல் பயம் கோட்டையிலிருந்தது. கடைசியில் 2011 நவம்பரில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மனு வராவிட்டால் ஆணையங்கள் தாமாகவே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. இலங்கையிலும் அப்படித்தான். 2014 முதல் 2022 வரை கட்டணத்தை அசைக்காமல் வைத்திருந்துவிட்டு, 2022 ஆகஸ்டில் 75 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடு என்று இரண்டே அடியில் ஏற்றினார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான வாதம் ஒன்று பாக்கி: ஆணையம் எதிர்த்தால் அரசு ஆணையத்தையே தூக்கிவிடும். இதை மறுக்க முடியாது, நடந்திருக்கிறது. 2023இன் 66 விழுக்காட்டு உயர்வை எதிர்த்த இலங்கை ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்கவை அந்த ஆண்டு மே 24 அன்று நாடாளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்கில் பதவி நீக்கியது. ஆனால் வெறும் சடங்கை நடத்துபவரை நீக்க எந்த அரசாவது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்துமா? அந்த நாற்காலியில் அதிகாரம் இருந்ததால்தான் அத்தனை பாடு. ஆள் போனாலும் நடைமுறை போகவில்லை என்பதை 2025இன் முடிவுகள் காட்டின.

இந்தியச் சட்டத்தில் மக்களுக்குக் கிடைத்திருப்பது சாதாரணமானதல்ல. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி விண்ணப்பத்தைச் சுருக்கமாகவாவது வெளியிட வேண்டும். மக்கள் சொன்ன யோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே, 120 நாட்களுக்குள், ஆணை பிறப்பிக்க வேண்டும். 65ஆவது பிரிவின்படி அரசு மானியம் தருவதானால் தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். 111ஆவது பிரிவு பாதிக்கப்பட்ட எவருக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வழி தருகிறது. ஆணையம் ஒரு ஆட்சேபத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்று அங்கே வாதாட வேண்டுமானால், அந்த ஆட்சேபம் முதலில் பதிவாகியிருக்க வேண்டும். மைக்கைப் பிடித்து "உயர்வு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது அந்தப் பதிவில் ஒரு வரி. இந்த அட்டவணையில் இந்த எண் ஏன் என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் தேட ஆள் வேண்டும்.

2022 ஆணையில் மெதுவாகக் கடந்துபோன ஒரு அம்சம் இன்னும் பேசப்பட வேண்டியது. விலைவாசிக் குறியீட்டோடு கட்டணத்தைக் கட்டிவிட்டார்கள்: ஆண்டுதோறும் ஜூலையில் அந்த உயர்வு அல்லது 6 விழுக்காடு, எது குறைவோ அது. 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 விழுக்காடு என்று கட்டணம் நகர்ந்தது. வீடுகளுக்கான உயர்வை அரசு மானியமாக ஏற்றுக்கொண்ட ஆண்டுகளும் உண்டு. தொழிற்கூடங்களுக்கு அந்தத் தயவு முழுதாகக் கிடைக்கவில்லை. இந்த மூன்று முறையும் புதிய மனு இல்லை, மூன்று ஊர்க் கூட்டம் இல்லை. கண்துடைப்பு என்று சலித்துக்கொண்டவர்கள் அதை இழந்தபோது கவனிக்கக்கூட இல்லை.

அந்த ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த மனு வரும்போது இழப்புக் கணக்கு, பம்புசெட் மதிப்பீடு, அரசு தர வேண்டிய மானியம் ஆகிய மூன்றும் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கூட்டத்துக்கு முன்பே தேடி வைத்துக்கொள்வது நல்லது.