இடஞ்சுழி

மாமாவுக்குச் சொந்த ஊர் தாமல். அரக்கோணத்தில் மகள் வீட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே வந்தவர், “ஏதோ கோளாறு மாப்ள. இறங்க முடியாம அஞ்சாறு தடவை சுத்திட்டான்” என்றார். அவர் பார்த்தது ஐ.என்.எஸ். ராஜாளியின் பயிற்சி ஹெலிகாப்டரை. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் இரண்டரை மணி நேரம் வட்டமடித்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அன்றிலிருந்து, சுற்றினால் வில்லங்கம் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. ஆனால் அங்கே கோளாறு ஹைட்ராலிக்கில். சுற்றியது எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைக்க. 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். சுற்றியதுதான் வைத்தியம்.

சின்ன விமானத் தளங்களில் சுற்றுவது அன்றாட வேலை. அதற்கு சர்க்யூட் என்று பெயர். “ஆகாசத்துல ரோடா போட்டிருக்கு, அவனவன் இஷ்டத்துக்குப் போறான்” என்பார்கள். ரோடு இருக்கிறது, கோடு போடவில்லை, அவ்வளவுதான். ஓடுதளத்துக்கு இணையாக, ஒன்றரை கிலோமீட்டர் போல விலகி, பெரும்பாலும் ஆயிரம் அடி உயரத்தில், இறங்கும் திசைக்கு எதிராகப் பறப்பது டவுன்விண்ட். ஓடுதள முனை தோளுக்குச் சாய்வாகப் பின்னால் போனதும் ஒரு திருப்பம், அது பேஸ். இன்னொரு திருப்பம் திரும்பினால் ஓடுதளம் நேர் எதிரே, அது ஃபைனல். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆளே இல்லாத தளத்திலும் இன்னொரு விமானத்தை எங்கே தேட வேண்டும் என்று விமானிக்குத் தெரியும். ரேடியோவில் “டவுன்விண்ட்” என்று ஒரு சொல் கேட்டால் போதும், கண் தானாக அங்கே போகும். இறங்க வருகிறவர்களில் தாழப் பறப்பவருக்கே முன்னுரிமை. தாமல் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் பெரிய வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது வேறு கதை.

“நேரா வந்து இறங்கினா என்ன? எண்ணெய் மிச்சம்தானே?” நேராக வருகிறவர், பேஸிலிருந்து திரும்புகிறவரின் குறுக்கே வந்து விழுவார். இறக்கைக்கு மேலும் கீழும் விமானிக்குத் தெரியாத மூலைகள் உண்டு. அதோடு, பயிற்சிக்கு வந்தவருக்குச் சுற்றுவதுதான் பாடம். எழும்புதல், ஏறுதல், திருப்பம், தணிதல், தரை தொடுதல் எல்லாமே ஐந்தாறு நிமிடச் சுற்றுக்குள் அடக்கம். தொட்டதும் நிற்காமல் மறுபடி எழும்பிவிடுவார். அதைத்தான் மாமா “இறங்க முடியல” என்று நினைத்துக்கொண்டார்.

“கோயில்ல நாம வலமா வர்றோம், இவங்க ஏன் இடமா சுத்துறாங்க?” இந்தக் கேள்விக்காக மாமாவை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. ஊர்க் கோயிலில் வராகீஸ்வரரை வலம் வந்தே பழகியவர் அல்லவா! விமானத்தில் தலைமை விமானி இடது இருக்கையில் உட்காருகிறார். இடப்பக்கம் திரும்பினால்தான் ஓடுதளம் அவர் கண்ணிலேயே இருக்கும். ஹெலிகாப்டரில் அவருக்குப் பெரும்பாலும் வலது இருக்கை என்பதால் அங்கே வலச்சுற்றும் உண்டு. ஊரோ மலையோ குறுக்கிட்டால் விமானத்துக்கும் வலச்சுற்று விதிப்பது உண்டு.

“எங்க தெரு மேலதான் வேணும்னே பறக்குறான்” என்பது கடைசிக் குற்றச்சாட்டு. காற்றிடம் போய்க் கேட்க வேண்டும். எதிர்காற்றில்தான் எழும்புவதும் இறங்குவதும். சென்னையின் பெரிய ஓடுதளத்துக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எண். அவை 70, 250 டிகிரித் திசைகளின் சுருக்கம். தென்மேற்குக் காற்றில் 25, வாடைக்காற்றில் 07. இடச்சுற்று மட்டும் உள்ள தளத்தில் காற்று மாறினால், சுற்றும் ஓடுதளத்தின் மறுபக்கம் தாவிவிடும். சத்தமும் அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

மறுநாள் காலை மாமா மறுபடி மாடிக்குப் போனார். இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்த வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, “மாப்ள, இன்னிக்கு அந்தாண்டையிலருந்து இறங்குவான் பாரு” என்றார்.