காடையின் கதி

பீளமேட்டைப் பெரியோர் பூளைமேடு என்றே எழுதி வந்தனர். மார்கழி கழியும் நாளில் கொங்கு நாட்டார் வேப்பிலையோடும் ஆவாரம் பூவோடும் சேர்த்து வீட்டு இறவாரத்தில் காப்புக் கட்டும் பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு அது என்பர். இன்று அங்கே ஆலைகளும், கலாசாலைகளும், 1940 இல் திறக்கப்பட்ட விமான நிலையமும் இருக்கின்றன. கைத்தொழில் செழித்ததற்கு நாம் வருந்தவில்லை, பெருமைப்படுகிறோம். ஆனால் பூளை போன இடத்தில் சோளக்கொல்லையும் புல்லும் போயின; அவற்றை அண்டிப் பிழைத்த காடையும் போயிற்று. எப்போது போயிற்று, எவ்வளவு போயிற்று என்று கேட்டால், ஊர்தோறும் ஆண்டுதோறும் எண்ணி வைத்த கணக்கு சர்க்காரிடம் இல்லை.

இச்சிறு பறவைக்காக ஒரு தலையங்கமா என்று அரசியல் அன்பர்கள் நகைக்கலாம். குலத்துக்குக் காடை என்று பெயர் வைத்து, ஊருக்குக் காடையூர் என்று பெயரிட்ட நாட்டில் அந்நகைப்பு பொருந்தாது. மழை கண்டு புல்லுக்குள்ளிருந்து கூவும் கருநெஞ்சுக் காடையும், செம்மண் கரட்டில் கூட்டமாய் ஒண்டும் புதர்க்காடையும், பனிக்காலத்தில் வடதிசையிலிருந்து வலசை வரும் காடையும் தரையை நம்பி வாழ்பவை. களைவிதையும் பூச்சியும் கறையானும் அவற்றின் இரை. கூலி கேளாமல் உழவனுக்கு உழைப்பவை அவை. இப்பறவை குறையுமானால் தரைக்கே ஏதோ தீங்கு நேர்ந்திருக்கிறதென்று பொருள். அத்தரையில்தான் நமது ஆடும் மாடும் மேய்கின்றன.

அத்தீங்கு யாது? நமது அபிப்பிராயத்தில் முதற் தீங்கு ஒரு சொல்லில் இருக்கிறது. வரி தராத நிலமெல்லாம் பாழ் என்று வெள்ளைக்காரக் கலெக்டர்களின் ஏடு தீர்மானித்தது. 1947 இல் ஆட்சி நம் கைக்கு வந்தும் அவ்வேட்டின் புத்தி மாறவில்லை. சுதந்தர இந்தியாவின் சர்க்கார் வெளியிடும் தரிசு நிலப் படத்தொகுதியிலும் புதர்க்காடும் மேய்ச்சல் வெளியும் தரிசின் வகைகளாகவே எண்ணப்படுகின்றன. தரிசென்று எழுதியபின் அதை மனைகளாக அறுக்க யாருக்குத்தான் கூச்சம் வரும்?

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளைச் சென்று பாருங்கள். கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த இம்மேய்ச்சல் நிலங்களைக் குடியானவர்கள் தம் சொந்தச் செலவில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றனர். காங்கயம் மாட்டைக் காத்த வேலியே காடைக்கும் கௌதாரிக்கும் அரணாயிற்று. இதையும் தரிசென்று சொல்வது அறியாமை.

காடையைப் பற்றி ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1974 இல் இஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்தார் அமெரிக்காவிலிருந்து ஜப்பான் காடையைத் தருவித்தனர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியார் அதில் ஒரு நல்ல ரகத்தையே உண்டாக்கினர். பலருக்கு ஜீவனம் அளிக்கும் அவ்வுழைப்பைப் போற்றுகிறோம். கூண்டுக் காடையின் தீனி, முட்டை, நோய் அனைத்துக்கும் கணக்குண்டு. அதே சிரத்தை காட்டுக் காடைக்கு ஏன் கிட்டவில்லை? ஐரோப்பாவில் விடுபட்ட ஜப்பான் காடை காட்டுக் காடையோடு கலந்து கலப்பினம் தோன்றியிருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்கும் வெள்ளைக் கழிச்சலுக்கும் கூண்டென்றும் காடென்றும் பேதமில்லை. ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்றை ஆராய்வது அரைகுறை வேலையாகும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் காடை குறைந்தபோது, வேட்டையாடும் நிலச்சுவான்தார்களே பணம் திரட்டி 1924 இல் ஆராய்ச்சி தொடங்கச் செய்தனர். ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவர் வயலிலும் காட்டிலும் ஆண்டுக்கணக்கில் அலைந்து கண்ட முடிவுகள் 1931 இல் நூலாக வெளிவந்தன. காட்டுத் தரையில் காலமறிந்து தீயிடுவது காடைக்கு நன்மையென்று அவர் நிறுவியபோது, தீயே கூடாதென்றிருந்த அதிகாரிகள் திகைத்தனர். அம்முறையை இங்கே அப்படியே செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஊகத்தால் ஆளாமல் நிலத்தைக் கேட்டு ஆளவேண்டும் என்பதே அதன் பாடம்.

அவ்வாறு கேட்பதற்குரிய ஸ்தாபனங்கள் கோயம்புத்தூரிலேயே இருக்கின்றன. 1990 இல் ஏற்பட்ட சலீம் அலி பறவையியல் நிலையம் ஆனைகட்டியில் இருக்கிறது. செம்மண் நிலத்துப் புதர்க்காடையின் ஒரு வகைக்கு 1943 இல் அப்பேரறிஞரின் பெயரே சூட்டப்பட்டது. கம்பும் சோளமும் ஆராயும் விவசாய சர்வகலாசாலை நகரிலேயே இருக்கிறது. இருவரும் கூடி, கொறங்காட்டிலும் மானாவாரிக் கொல்லையிலும் பருவந்தோறும் காடையை எண்ணவேண்டும்; பூச்சி மருந்தும் நோயும் அதை எவ்வளவு தாக்குகின்றன என்று காணவேண்டும். கொறங்காட்டைக் கொறங்காடாகவே வைத்திருக்கும் குடியானவனுக்கு ராஜ்ய சர்க்கார் உதவித்தொகை அளிக்கவேண்டும்.

மற்றொன்று. 1972 ஆம் வருஷத்துச் சட்டம் காட்டுக் காடையைப் பிடிப்பதைத் தடுக்கிறது. கண்ணி வைப்பவனைப் பிடித்து அபராதம் விதிப்பதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. காடையின் தடத்தையும் குரலையும் அவனைப்போல் அறிந்தவர் யார்? பீகாரத்துப் பறவை பிடிக்கும் குடியினரைக் கொண்டே சலீம் அலி பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தார். இங்கும் அவ்வறிவுக்குக் கூலி கொடுத்தால் கண்ணி தானே ஒழியும்.

இமயத்துக் காடை 1876 இல் நைனிதாலுக்கு அருகே காணப்பட்டது. அதன்பின் ஐயமறக் கண்டவர் எவருமில்லை. அதன் வாழ்வைப்பற்றி அறிய வேண்டியதை அறியுமுன்னரே அது மறைந்துவிட்டது. நமது காடைகள் இன்னும் அந்நிலையை அடையவில்லை. ஆயினும் புல்வெளியையும் திறந்த வெளியையும் நம்பும் பறவைகள் நாடெங்கும் குறைந்து வருவதாக 2023 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை எச்சரித்திருக்கிறது. சர்க்காரும் சட்டசபை அங்கத்தினர்களும் தாமதியாமல் இவ்விஷயத்தைக் கவனிப்பார்களாக. தொண்டர்களும் தத்தம் கிராமத்தில் தரிசென்று எழுதப்பட்ட நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்து, அங்கே வாழ்வன எவை என்று பஞ்சாயத்தில் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.