எந்தப் பக்கம் வீடு கட்டுவது?

சங்கத்தின் ஆண்டு விழாவில் பந்தியில் அமர்ந்ததும் நம்மவர்கள் பேசும் பேச்சு ஒன்றுண்டு. "இன்னும் இரண்டே வருடம், அப்புறம் ஊரோடு போய்விட வேண்டியதுதான்." நானும் பல ஆண்டுகள் அப்படிப் பேசியவன். இப்போது வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு, குடும்பத்துடன் பாறசாலைக்குத் திரும்பிவிட்டேன். இனித் திரும்ப இருக்கும் நண்பர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் நிலை சற்று வித்தியாசமானது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுடன் இணைந்தன. தமிழர்கள் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலை இந்தப் பக்கம், களியக்காவிளை அந்தப் பக்கம். பெண் எடுப்பதும் கொடுப்பதும், சந்தைக்குப் போவதும் இன்றும் எல்லை தாண்டித்தான். ஆகவே ஊர் திரும்புகிறவருக்கு முதல் கேள்வி, எந்தப் பக்கம் வீடு கட்டுவது என்பதே.

நாங்கள் இதை நிலத்தின் விலையைப் பார்த்தே முடிவு செய்கிறோம். அம்மா வழியில் வந்த பத்து சென்ட் இருந்ததால் நானும் பாறசாலையில் கட்டினேன். வீட்டுப் பிளானை மூன்று முறை திருத்தினேன். எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகளின் பாடப் புத்தகத்தை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்தேனா? இல்லை.

அங்கே அவள் படித்த இரண்டாம் மொழி பிரெஞ்சு. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. மலையாளம் காதில் விழுந்ததோடு சரி. வந்த முதல் வாரம் பாட்டியுடன் களியக்காவிளைச் சந்தைக்குப் போனாள். போகும்போது மலையாளப் பலகை, போய்ச் சேர்ந்தால் தமிழ்ப் பலகை. "அப்பா, எனக்கு இரண்டு பக்கமும் படிக்கத் தெரியவில்லையே" என்று வந்து சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எந்தப் பக்கம் போனாலும் மொழி காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு மலையாளத் தேர்வில் விலக்குக் கேட்க அதில் இடம் உண்டு. தேர்வுக்கு விலக்கு வாங்கலாம், வாழ்க்கைக்கு வாங்க முடியுமா? தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் 2021-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் தமிழ்த் தாளில் தேறினால்தான் மற்றத் தாள்களைத் திருத்துகிறார்கள்.

"சின்னப் பிள்ளைகள்தானே, சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்" என்பார்கள். பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள், உண்மை. பதின்மூன்று வயதில் புது எழுத்தைக் கற்று, அதிலேயே பரீட்சையும் எழுதுவது வேறு சங்கதி.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. அயர்லாந்துக்குத் திரும்பும் அந்நாட்டு மக்களும் இப்படித் திண்டாடியதால், அரசு ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் அறிக்கை வெளியிட்டது. கார் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், பள்ளியில் இடம் என்று சிக்கல்கள் அதில் வரிசையாக வருகின்றன. வளர்ந்த பின் திரும்பும் பிள்ளைகளுக்கு ஐரிஷ் மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் தருகிறார்கள். தாய்மொழியைக் காக்கப் போராடிய நாடே, திரும்பி வரும் பிள்ளைக்குத் தனி வழி வேண்டும் என்று உணர்ந்திருக்கிறது.

ஆகவே நண்பர்களே, நான் சொல்ல வருவது இதுதான். திரும்பும் ஆண்டைச் சேமிப்புக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது. பிள்ளையின் வகுப்பு தீர்மானிக்கட்டும். ஐந்தாம் வகுப்புக்குள் வாருங்கள், அல்லது பன்னிரண்டு முடித்து வாருங்கள். நடுவில் வரத்தான் வேண்டுமென்றால், இரண்டு ஆண்டு முன்பே தமிழ் எழுத்தையும் மலையாள எழுத்தையும் வீட்டில் தொடங்குங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேண்டிய முத்திரைகளை அங்கேயே வாங்கிவிடுங்கள். கேரளப் பிரவாசி நலநிதியில் 60 வயதுக்கு முன் சேருங்கள்; பிறகு கேட்டால் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. மலையாளம் படிப்பதற்காகத் தமிழை விட்டுவிடத் தேவையில்லை. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழ்வழியிலும் எழுதலாம். கேட்க ஆள் இல்லாவிட்டால் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். ஊர் திரும்பும் நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

என் மகள் இப்போது இரண்டு பக்கப் பலகைகளையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவள் இழந்த ஓராண்டு உங்கள் பிள்ளைக்கு மிஞ்சட்டும்.