பாவத் துக்கமும் அதற்கு வரும் பதிலும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிற சாலை கல்லாற்றைத் தாண்டிய பிறகுதான் மலையேறத் தொடங்குகிறது. விதுரையிலிருந்து வேறு பக்கம் பிரியும் சாலை போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. அங்குள்ள குரிசுமலைக்கு நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டத்து மக்கள் தவக்காலத்தில் சிலுவை சுமந்து ஏறும் வழக்கம் உண்டு. தவக்காலம் என்பது ஈஸ்டருக்கு முன்வரும் நாற்பது நோன்பு நாட்கள். மலையில் நட்ட சிலுவைகள் பற்றி 2017-இல் வனத்துறையோடு தகராறு மூண்டபோது போனக்காட்டின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. அந்தத் தகராறு இங்கே நமக்கு வேண்டாம். அந்த மலையில் ஏறுகிறவர்கள் எதற்காகத் துக்கப்படுகிறார்கள், எந்த ஆறுதலை எதிர்பார்க்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஏறுகிறவர்களில் சிலர் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். ஆனால் தவக்காலத்தின் மையப் பொருள் நேர்த்தி அல்ல, பாவம். கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் வினைக்கொள்கையில் செய்த வினை தானாகவே பலன் தரும். அங்கே யாரும் யாரையும் மன்னிக்கத் தேவையில்லை. கிறிஸ்தவப் பார்வையில் பாவம் என்பது இன்னொருவருக்குச் செய்த துரோகம். அண்டை வீட்டாருக்கு எதிராகச் செய்தாலும், அது கடவுளுக்கும் செய்ததாகிறது. தாவீது அரசர் தன் படைவீரர் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. விவிலியத்தின் 51-ஆம் சங்கீதம் அந்தச் சமயத்தில் பிறந்ததாக அதன் தலைக்குறிப்பு சொல்கிறது. அந்தச் சங்கீதத்தின் துக்கம் ஒருவரை நோக்கிப் பேசுகிற துக்கம். ஒருவரை நோக்கிப் பேசினால் அவரிடமிருந்து பதில் வர இடமுண்டு.

எல்லாத் துக்கத்துக்கும் பதில் வருவதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும், மற்றது சாவுக்குக் கொண்டுபோகும். இதற்கு நற்செய்தி நூல்களிலேயே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், இயேசுவின் சீடர்களான யூதாசும் பேதுருவும். ஒருவர் இயேசுவைக் காட்டிக்கொடுத்தார், மற்றவர் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். இருவருமே பின்னால் நொந்துபோனார்கள். யூதாசின் வருத்தம் போலி என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் தலைமைக் குருக்களிடம் திருப்பிக் கொண்டுபோனார். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அவர்களோ அது உன் பாடு என்று கைகழுவினார்கள். அதன்பின் அவர் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். பேதுருவின் கதை வேறு விதமாகப் போனது. உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் அவரிடம் அன்பைப் பற்றி மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். துக்கத்தின் ஆழத்தில் இந்த இருவருக்கும் வேறுபாடு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்குப் பதில் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், திருச்சபைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக அமைத்து வைத்த சடங்குகள் விளங்கத் தொடங்கும். அவை ஒவ்வொன்றும், துக்கப்படுகிறவர் தன் காதால் ஒரு பதிலைக் கேட்பதற்கான ஏற்பாடு.

கத்தோலிக்கரின் ஏற்பாடு பாவசங்கீர்த்தனம். இப்போது அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். அதில் வருகிறவர் செய்யவேண்டியவை மூன்று. மனஸ்தாபப்பட வேண்டும், குருவிடம் பாவத்தைச் சொல்ல வேண்டும், அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்ய வேண்டும். குரு கடவுளின் பெயரால் மன்னிப்பு மொழியைச் சொல்கிறார். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்தாக வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை உண்டு.

தமிழ் அச்சின் வரலாற்றிலும் இந்தச் சடங்கு வருகிறது. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கிய இயேசு சபைக் குரு என்றிக்கே என்றீக்கசு, இரண்டே ஆண்டில், 1580-இல், கொச்சியில் இன்னொரு தமிழ் நூலை அச்சிட்டார். அதன் பெயர் கொம்பெசியொனாயரு. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு அது. அச்சு என்பதே இங்கே புதிதாக இருந்த காலத்தில், அவ்வளவு சீக்கிரம் இப்படியொரு நூல் ஏன் தேவைப்பட்டது? முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். வந்த குருக்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. செபத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம், பிரசங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். தன் பாவத்தைச் சொல்லும்போது நடுவில் மூன்றாவது ஆளை யார் நிறுத்துவார்கள்? அந்த ஆள் பெரும்பாலும் அதே ஊர்க்காரராகவே இருப்பார். அதனால் குரு தமிழ் கற்க வேண்டியிருந்தது. மக்களுக்கும் எதை, எப்படிச் சொல்வது என்று தெரிய வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் துக்கத்தின் அளவு. எவ்வளவு வருந்தினால் மன்னிப்புக் கிடைக்கும்? கடவுள்மீதுள்ள அன்பால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வருந்துவது அதற்குக் கீழே. பயத்தால் வருந்தினாலும் பாவத்தை விட்டுவிடும் எண்ணத்தோடு இந்த அருட்சாதனத்துக்கு வந்தால் மன்னிப்பு உண்டு என்று 1551-இல் திரெந்துப் பொதுச்சங்கம் விளக்கியது. தராசில் நிறுத்துப் பார்க்க முடியாத ஒன்றை நிறுக்கச் சொல்லாமல் விட்டது நல்லதுதான்.

சீர்திருத்த சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தரை வதைத்ததும் இதே கேள்விதான். துறவியாக இருந்தபோது அவர் நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்வார். எதையாவது சொல்ல மறந்திருப்போமோ, வருத்தம் போதாதோ என்ற பயம் அவரை விடவில்லை. தன் மனதின் வருத்தத்தை நம்பினால் ஒருநாளும் நிம்மதி வராது, கடவுள் தந்த வாக்கைத்தான் நம்ப வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். லூத்தர் பாவ அறிக்கையை ஒழித்துவிட்டார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியல்ல. 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் எடுத்தார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கு வழியாகத் தமிழருக்கு அறிமுகமான கிறிஸ்தவம் இந்த வழியைச் சேர்ந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் மற்ற வழிகளையும் பார்க்கலாம். 1947-இல் பல சபைகள் சேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பாவ அறிக்கையைச் சபையார் அனைவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தனித்தனிக் குற்றம் எதுவும் அதில் வராது. போதகர் ஆறுதலான வேதவசனங்களை வாசித்து மன்னிப்பை அறிவிக்கிறார். திருவனந்தபுரம் நகரின் பட்டம் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட மலங்கரைக் கத்தோலிக்க சபையில் நோன்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்றைய சடங்கின் பெயர் சுப்கோனோ. அதில் குருவும் மக்களும் முழங்காலிட்டு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கடினமானதாகத் தோன்றுகிறது, பக்கத்தில் நிற்பவர் வாய்க்கால் தகராறில் வழக்குப் போட்டவராகவும் இருக்கலாம் அல்லவா? இரட்சணிய சேனையில் திருமுழுக்கும் இல்லை, திருவிருந்தும் இல்லை. கூடத்தின் முன்னால் ஒரு பலகை மட்டும் இருக்கும். மனந்திரும்ப விரும்புகிறவர் அங்கே வந்து முழங்காலிடுவார், ஒருவர் அருகில் வந்து அவரோடு செபிப்பார்.

இந்தப் பதிலைத் தமிழ்க் காவியம் ஒன்றும் பேசுகிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை 1858-இல் கிறிஸ்தவரானார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவிய காவியம் அது. பனியனின் கதையில் பயணியின் முதுகில் ஒரு மூட்டை இருக்கும். சிலுவையின் முன் வந்து நிற்கும்போது அது தானாகக் கழன்று விழும். அவன் அவிழ்த்து எறிவதில்லை. இந்தச் சிறு விவரத்தில் சீர்திருத்த சபைகளின் நம்பிக்கை முழுவதும் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகள் பழுதாவதும் உண்டு. மன்னிப்புப் பெற்ற பாவத்தையே சிலர் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறார்கள். பதில் காதில் விழுகிறது, உள்ளே இறங்குவதில்லை. இதில் ஒரு பகுதியை இன்றைய மருத்துவம் எண்ணச் சுழற்சி நோயாகவே பார்க்கிறது. கடும் மனச்சோர்விலும் செய்யாத குற்றத்துக்காக மனம் தன்னைத் தண்டிக்கும். அவர்களுக்குச் செபத்தோடு மருத்துவரும் தேவை. இதைவிட மோசமான பழுது கேட்பவரிடம் ஏற்படலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டித் துன்புறுத்தியதாகக் கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் சிலர்மீது 2018-இல் புகார் எழுந்தது. தேசிய மகளிர் ஆணையம் அந்த வழக்கத்தையே நிறுத்தப் பரிந்துரைத்தது. திருச்சபைகள் அதை எதிர்த்தன. தடை தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கேட்பவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லாத இடத்தில் ரகசியம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதைச் சபைகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொருவர் செய்த கொடுமையால் கூனிக் குறுகி வருகிறவரைப் பாவியாக நடத்தி மன்னிப்பு வழங்கி அனுப்புவது ஆறுதல் ஆகாது.

மன்னிப்பு, பாதிக்கப்பட்டவருக்குத் தரவேண்டியதை ரத்து செய்வதுமில்லை. நற்செய்தியில் வரும் சக்கேயு தான் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். திருடியவர் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுக்கநெறியில் இன்றும் உறுதியான விதி. நேரில் போய்ப் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பொருள் போய்ச் சேர்ந்தால் போதும். உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தானே வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி இல்லை.